இரண்டு சின்னத்திலும் குத்திய ஓட்டு

1

நான் அமெரிக்கப் பிரஜையாகி இந்த ஆவணியோடு ஆறு வருடம் முடிந்தது. அதற்குள் ஆறு நவம்பர்கள் வந்து போய்விட்டன. ஒரு நவம்பரில்கூட நான் ஓட்டுப் போடவில்லை. ஆனால் எல்லா வருடமும் போட்டதாக என் மகள் கயலிடம் சொல்லி வைத்திருந்தேன். அவளும் நம்பினாள். இந்த வருடம் அவளுக்குப் பதினெட்டு வயது. "முதல் ஓட்டு உங்ககூட வந்துதான் போடுவேன்ப்பா" என்று கோடையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. நான் ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றினேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. அருப்புக்கோட்டைப் பக்கம் பிறந்தவன். பத்தாம் வகுப்பில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தவறினேன். மறுபடி எழுதவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, பம்பாயில் மெஸ், தோஹாவில் தொழிலாளர் கேம்ப் சமையல். அங்கிருந்து டெக்சாசில் ஒரு கோயிலில் சமைக்க ஆள் கேட்கிறார்கள் என்று வந்தேன். கயல் அங்கேதான் பிறந்தாள். கிரீன் கார்டு வந்ததும் கோயிலை விட்டுவிட்டு சான் ஹோசேயில் ஓர் ஓட்டலில் சேர்ந்தேன். அங்கேயும் கால் தரிக்கவில்லை. இப்போது நியூ ஜெர்சி, பிளெய்ன்ஸ்பரோவில் வாடகை வீடு. வார நாட்களில் ஒரு கேட்டரிங் கிச்சனில் வேலை. சனி, ஞாயிறுகளில் தமிழர் வீட்டு விசேஷங்களுக்குப் போய் வாசலிலேயே கல்லைப் போட்டு தோசை சுட்டுக் கொடுப்பேன். லைவ் கவுன்ட்டர் என்பார்கள். வலது தோள் போய்விட்டது. இடது கையால் மாவு ஊற்றப் பழகிவிட்டேன்.

எல்லோரும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

2

குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் ஓர் அதிகாரி எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை முன்னாலேயே கொடுத்துவிடுவார்கள். அதில் பத்து கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும். எனக்கு அந்த ஆறே மலை. சொல்லிக்கொடுத்தது கயல். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருப்பேன், அவள் அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்து பட்டியலைப் படிப்பாள்.

யாரெல்லாம் ஓட்டுப் போடலாம் என்பது பற்றி இந்த நாட்டுச் சட்டத்தில் நான்கு திருத்தங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைச் சொல்லு என்று ஒரு கேள்வி. நான்கு பதில்களில் எதைச் சொன்னாலும் சரி. மற்ற மூன்றும் எளிதாக இருந்தன. ஆனால் கயல் எனக்காகத் தேர்ந்தெடுத்தது நான்காவது: ஓட்டுப் போட வரி கட்ட வேண்டியதில்லை.

"ஏம்மா, பதினெட்டு வயசானா போடலாம்னு இருக்கே. அதையே சொல்லிரட்டா?"

"இது பெட்டர்ப்பா. இதுக்கு ஒரு ஸ்டோரி இருக்கு, மறக்காது. முன்னாடி டெக்சஸ்ல ஓட்டுப் போடணும்னா டாக்ஸ் கட்டணும். போல் டாக்ஸ். எலெக்‌ஷன் நவம்பர்ல. பணம் ஜனவரியிலயே கட்டிடணும்."

"கட்டலைன்னா?"

"நோ வோட்."

"அநியாயமா இருக்கே."

"யா. கறுப்பு ஜனங்க, ஏழைங்க, நிறையப் பேரால கட்ட முடியல. அதுக்காகத்தான் அதை வச்சதே. நான் பிறந்த ஸ்டேட்ப்பா!" என்றாள், ஏதோ தன் பெயர் கெட்டுப்போனதுபோல.

அன்றைக்குத்தான் அவளுக்கு என் அம்மாவின் ஓட்டுக் கதையைச் சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். வெங்காய வாசனையோடு மனப்பாடம் செய்த அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். தேறிவிட்டேன். உறுதிமொழி எடுத்து முடித்து வெளியே வந்தபோது இரண்டு பெண்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் பெயர் சேர்க்க நான் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நவம்பரில் தேர்தல் வந்தது, எப்போதும்போல் செவ்வாய்க்கிழமை. இங்கே அன்றைக்கு விடுமுறை கிடையாது. வெளியே போனால் போன மணி நேரத்துக்குக் கூலி இல்லை. அதைத்தான் காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வாக்குச்சாவடியைக் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள். போயிருக்கலாம். உண்மையில் எனக்கு அந்தச் சீட்டைப் பார்த்துப் பயம். மாதிரிச் சீட்டு ஒன்று முன்கூட்டியே தபாலில் வரும். மேலே இருக்கும் பெரிய பதவிக்காரர்கள் பெயரைக் கண்டுபிடித்துவிடுவேன். அதற்குக் கீழே பள்ளிக்கூடக் கமிட்டி, நம் மாவட்டம் மாதிரியான கவுன்ட்டிக்கு ஆட்கள், இந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று பத்தி பத்தியாக ஆங்கிலம். அங்கே போய் நின்று திணறுவேன், பின்னால் நிற்பவர்கள் பார்ப்பார்கள் என்று போகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கயல் ஓடி வந்து, "போட்டீங்களா?" என்றாள்.

"போட்டேன்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அடுத்த நாள் அதை அவள் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதிவிட்டாள். ஸ்கூல் முடிக்காத என் அப்பா என்னிடம் பாடம் கேட்டுப் பரீட்சை எழுதினார், நேற்று முதல் ஓட்டைப் போட்டார் என்று. டீச்சர் அதை வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்தார். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மனைவி செல்விக்கு உண்மை தெரியும். "சொல்லிருங்க" என்றாள். "அடுத்த வருஷம் போட்டுட்டா சரியாப்போயிரும்" என்றேன். அடுத்த வருடமும் போகவில்லை. பிறகு வருடத்துக்கு ஒரு 'போட்டேன்' என்று ஆகிவிட்டது.

3

தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ரமேஷ் சார் வீட்டில் தீபாவளி கெட்-டுகெதர். மருந்துக் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர். பேசிய நேரத்துக்குப் பணம் தருவார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். மதியம் கார் நிறுத்தும் கராஜைத் திறந்து கல்லைப் போட்டேன். எனக்கு ஆள் கிடைக்காததால் கயல் சட்னி, சாம்பார் ஊற்ற வந்திருந்தாள்.

தோசைக் கல்லைச் சுற்றி ஆண்கள் தட்டோடு நின்றார்கள். பேச்சு தேர்தலுக்குப் போயிற்று. ரமேஷ் சார் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"பதினாறு வருஷமா இந்த ஊர்ல டாக்ஸ் கட்டுறேங்க. கிரீன் கார்டு க்யூ நகரவே மாட்டேங்குது. எனக்கு ஓட்டு இல்ல. ஒரு டாலர் டாக்ஸ் கட்டாதவன் போய் ஓட்டுப் போட்டு என் டாக்ஸ எப்படிச் செலவு பண்றதுன்னு முடிவு பண்றான். இது என்ன நியாயம்?"

"அப்போ என்னதான் பண்ணணும்ங்கறீங்க?" என்றார் கண்ணாடிக்காரர் ஒருவர்.

"ஃபீஸ் வைக்கணும். ஓட்டுப் போடணுமா, நூறு டாலர் கட்டு. அப்போ சீரியஸா இருக்கறவன் மட்டும்தான் வருவான்."

"பார்க்கிங்குக்கே காசு கட்டுறோம்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"மாஸ்டரக் கேப்போம்" என்று ரமேஷ் சார் என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், நீங்கதான் இங்க சிட்டிசன். எங்கள்ல பாதிப் பேருக்கு இல்லாத பவர் உங்க கைல இருக்கு. சொல்லுங்க, ஃபீஸ் வைக்கலாமா வேண்டாமா?"

எட்டு, பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் என்னிடம் இதுவரை கேட்டதெல்லாம் "இன்னொரு ரோஸ்ட் வருமா?" என்பதுதான். இப்போது அபிப்பிராயம் கேட்கிறார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"கண்டிப்பா வைக்கணும் சார்" என்றேன். "சும்மா கெடைக்கிறதுக்கு யாரு மதிப்புக் குடுக்குறா? எங்க ஊர்ல காசு வாங்கிட்டுல்ல ஓட்டுப் போடுறாய்ங்க. எங்க தெருவுல ஒரு பொம்பள சார், ரெண்டு கட்சிக்காரன்கிட்டயும் காசை வாங்கிருச்சு. ரெண்டு பேருக்கும் சத்தியம் வேற பண்ணிருச்சு. பூத்துக்குள்ள போயி என்ன பண்ணுச்சு தெரியுமா? ரெண்டு சின்னத்துலயும் ஒவ்வொரு குத்து குத்திட்டு வந்திருச்சு!"

கராஜ் அதிர்ந்தது. கண்ணாடிக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. யாரோ என் முதுகில் தட்டினார்கள்.

"செம மாஸ்டர்! இவங்களுக்கெல்லாம் எதுக்குங்க ஓட்டு?" என்றார் ரமேஷ் சார்.

"அதான் சார்" என்றேன். "இதுகளுக்கெல்லாம் எதுக்கு?"

சொல்லிக்கொண்டே தோசையைத் திருப்பித் திரும்பினேன். கயல் சட்னி வாளியோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டியில் இருந்து சட்னி ஒருவர் தட்டுக்கு வெளியே, அவர் செருப்பின்மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் "ஹலோ, ஹலோ" என்றார். அவள் காதில் விழவில்லை.

4

திரும்பி வரும்போது கயல்தான் வண்டி ஓட்டினாள். பின்னால் பாத்திரங்கள் உருண்டன.

"அப்பா, அந்த லேடி உங்க அம்மா."

நான் பின்னால் திரும்பி, உருண்ட வாளியைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீங்கதான் எனக்குச் சொன்னீங்க. அன்னிக்கு நீங்க அழுதீங்க. இன்னிக்கு அதே கதையை ஜோக்கா சொல்றீங்க. வொய்?"

"எல்லாரும் பேசிட்டிருந்தாங்கம்மா. ஒரு வேகத்துல வந்திருச்சு."

"அவங்க சிரிக்கணும்னு சொன்னீங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. அவள் சொன்னது உண்மை.

நடந்தது இதுதான். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு கட்சிக்காரர் வந்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு, "பிள்ளை தலையில கை வச்சுச் சொல்லு, எங்களுக்குத்தான்னு" என்றார். அம்மா என் தலையில் கை வைத்துச் சொன்னாள். மறுநாள் அடுத்த கட்சிக்காரர். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளையே கூட வந்திருந்தார். வேண்டாம் என்றால் வேலை போய்விடும். மறுபடி என் தலை. அவள் உள்ளங்கையின் தீக்குச்சி மருந்து வாடை இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

தேர்தலன்று எதை மீறினாலும் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து நடந்தே போய், வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, சீட்டில் இரண்டு சின்னத்திலும் முத்திரை குத்திவிட்டு வந்தாள். அப்போது காகிதச் சீட்டுத்தான். "அப்படிக் குத்துனா செல்லாதும்மா" என்றேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"ஓட்டுச் செல்லாட்டிப் போகுது. ஒனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல" என்றாள்.

அந்தப் பெண்ணைத்தான் நான் தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே ரமேஷ் சார் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அவர் மனக்குறை பொய்யில்லை. வரி கட்டியும் வாயில்லாமல் நிற்பது வேதனைதான். அவருக்கு ஓட்டு வர வேண்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அதற்கு மருந்து இன்னொருவன் ஓட்டுக்கு விலை வைப்பதில்லை. காசு கட்டினால் மதிப்பு வரும் என்று நான் சொன்னேனே, அதற்கு என்னைவிடக் கெட்ட சாட்சி கிடையாது. குடியுரிமைக்கு நான் கட்டிய கட்டணம் பத்து நாள் கூலிக்கு மேல். அவ்வளவு கட்டியும் ஆறு வருடம் எட்டிப் பார்க்கவில்லை. சான் ஹோசேயில் முதலாளி பாதிச் சம்பளத்தைக் கணக்கில் காட்டாமல் கையில் கொடுத்த நாட்களில் அந்தப் பாதிக்கு நான் வரியும் கட்டவில்லை. அம்மா காசு கட்டவில்லை, வாங்கினாள். ஆனாலும் அந்த ஒரு சீட்டை அவள் பயந்த மாதிரி, மதித்த மாதிரி நான் எதையும் மதித்ததில்லை.

நூறு டாலர் வைத்தால் யார் நின்றுபோவார்கள்? ரமேஷ் சாருக்கு ஓட்டு வரும்போது அவர் சிரித்துக்கொண்டே கட்டுவார். கட்டாமல் நிற்பது செல்விதான். அவள் சம்பாதிப்பதில்லை. நாளைக்கு அவளும் பிரஜையானால்கூட, வாடகை போனபின் மிச்சத்தைப் பார்த்து, "இந்தத் தடவ நீங்க மட்டும் போடுங்க" என்பாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள் எந்த நாட்டில் இருந்தாலும் நின்றுபோவாள். அவளை நிறுத்துவதற்குத்தான் அந்த வரியே வந்தது என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். படித்ததை நான் தேறியதோடு மறந்துவிட்டேன்.

ரமேஷ் சாருக்குப் போன் செய்து, சார், அது எங்கம்மா என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போனை எடுத்தேன். அடுத்த மாதம் அவர் மகள் பிறந்தநாளுக்கும் நான்தான் சமையல். வைத்துவிட்டேன்.

5

இங்கே தேர்தல் நாளுக்கு முன்பே சில நாட்கள் ஓட்டுப் போடலாம்; ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கடைசி நாள். கயல் வரமாட்டாள் என்று நினைத்தேன். பாதி அப்படி வேண்டிக்கொண்டேன். பத்தரை மணிக்கு வண்டிச் சாவியோடு வந்து நின்றாள்.

"கிளம்பலாமா?"

"எம்மேல கோபமா இருக்கியே?"

"அது வேற, இது வேற."

வாக்குச்சாவடியை நூலகத்தில் வைத்திருந்தார்கள். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் கயல். யார் யாருக்கு ஏன் போடுகிறாள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். பள்ளிக்கூடக் கமிட்டிக்குக்கூட மூன்று பெயர். "உங்களுக்கும் ஒரு காப்பி வேணுமா? இல்ல, உங்களுக்குத் தெரியும்ல" என்று தாளை மடித்து வைத்துக்கொண்டாள். கேட்டு வாங்க வாய் வரவில்லை.

மேசையில் வெள்ளை முடி வைத்த ஓர் அம்மாள் இருந்தார். கயலின் பெயரைத் திரையில் தேடி எடுத்தார். பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு, முதல் தடவையா என்று கேட்டார். கயல் ஆமாம் என்றதும் அந்த அம்மாள் எழுந்து நின்று, "முதல் ஓட்டு!" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சத்தமிட்டார். வேலை செய்தவர்களும் வரிசையில் நின்றவர்களும் கைதட்டினார்கள். இங்கே அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு தடவையாவது வந்திருந்தால் தெரிந்திருக்கும். கயலின் காது சிவந்துவிட்டது. ஒரு நாளாக இல்லாத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

அடுத்து நான். பெயரைச் சொன்னேன். அந்த அம்மாள் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களும் முதல் தடவையா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கயல் முந்திக்கொண்டாள். "நோ, நோ. அப்பா சிட்டிசன் ஆனதுல இருந்து ஒரு எலெக்‌ஷனையும் விட்டதில்லை" என்று அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னாள். என்மேல் கோபமாக இருந்தவள் சொன்னாள். அவள் குரலில் அந்தச் சுவரில் ஒட்டிய கட்டுரை இருந்தது.

திரையில் எல்லாம் இருக்கும், அந்த அம்மாள் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அதில் என்ன இருந்தது என்று இன்றும் தெரியாது. அந்தப் பயத்தில் சொன்னதை நேர்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"நோ மேடம்" என்றேன். "ஃபர்ஸ்ட் டைம்."

அந்த அம்மாள் மறுபடி எழுந்தார். "இன்னொரு முதல் ஓட்டு!" முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். ஐம்பது வயதுக்காரன் என்பதால் இருக்கும். ஒருவர் விசில்கூட அடித்தார். நான் தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டேன். கயலின் கைகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

இயந்திரத்தின் முன்னால் தெரிந்த பெயர்களுக்கு அழுத்தினேன். தெரியாததை விட்டுவிட்டேன். நான் நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. யாரும் பின்னால் நின்று பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு காசு கேட்கவில்லை.

வண்டியில் ஏறினோம். கயல் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லா வருஷமும் பொய்யா?"

"ஆமா."

"அந்த எஸ்ஸே எழுதினப்பவும்?"

"அப்பவும்தான்."

கண்ணாடி வழியாக, நூலகத்திலிருந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள். பிறகு வண்டியை எடுத்தாள். வழியில் நான் இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். அவள் ரேடியோவைப் போடவில்லை, எனக்காகக் காத்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். வீட்டு வாசலில் அவள் எஞ்சினை நிறுத்தி, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த பிறகுதான், "ஆமாம்மா, உனக்கு மட்டும்தான் தெரியாது" என்று என்னால் சொல்ல முடிந்தது.